இல்லாத புகை

பாம்பனில் நண்பர் கிளென்கோயினை ஊற்றும்போதே சொல்லிவிட்டார்: 'இதில் புகை கிடையாது.' ஸ்காட்லாந்தில் சில விஸ்கிகளுக்கு, முளைத்த பார்லியை பீட் என்கிற சதுப்புக்கரியின் புகையில் உலர்த்துவார்கள். இதற்கு வெறும் சூடான காற்று. கேட்ட பிறகு என் நாக்கு இல்லாத புகையையே துழாவிக்கொண்டிருந்தது. இருந்த ருசி தவறிப்போயிற்று.

சாயல்குடிப் பக்கம் கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் பதநீர்; தடவாவிட்டால் கள். 1987 முதல் கள்ளுக்குத் தடை; சட்டத்துக்கு அந்தச் சுண்ணாம்புதான் எல்லை. ஆனால் பதநீரைப் 'புளிக்காத கள்' என்று எந்தப் பனையேறியும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு இளைஞரின் கவிதைத் தொகுப்பில் 'படிமம் இல்லை' என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். இருந்தது என்ன என்பதற்கு ஒரு வரி கிடையாது. அவர் பிறகு எழுதவில்லை. அதை ரசனை என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன பாத்யதை? நேற்று அந்தத் தொகுப்பை வங்கி மேஜை இழுப்பறையில் தேடினேன். யாரிடம் கொடுத்தேன் என்றும் ஞாபகமில்லை.