முனி பார்த்த வேலை

எங்கள் தேயிலை ஸ்டோருக்குப் பின்னால், ஓடை திரும்புகிற இடத்தில் ரோதைமுனி இருக்கிறார். ஒரு கல், ஒரு சூலம், கல்லில் பெயிண்டால் போட்ட இரண்டு உருண்டைக் கண்கள். சக்கரத்துக்குச் சிங்களத்தில் ரோதய என்று பெயர். அந்தச் சொல்லோடு நம் ஊர் முனியைச் சேர்த்துக் கட்டிவிட்டார்கள் எங்கள் ஆட்கள். ஊரிலிருந்து கூட வந்த சாமிகளுக்கு மெஷின் பழக்கமில்லை. மெஷின் விரலைக் கேட்கும், சேலையைக் கேட்கும். அதற்கென்று ஒரு சாமி தேவைப்பட்டது.

டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் 31 வருஷம் பிட்டராக இருந்தவன் நான். ரோலர் நின்றால் முனிக்குக் கோபம் என்பார் அப்பா. பேரிங் போய்விட்டது என்பேன் நான். பேரிங்கை மாற்றினால் ரோலர் ஓடும். அப்புறம் முனிக்கு என்ன வேலை? இப்படிக் கேட்பதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகன் கப்பலில் வேலை செய்கிறான். போன லீவுக்கு வந்தபோது ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் எழுதிய புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். நான் கடலைப் பார்த்ததே மூன்று தடவைதான். தாத்தா மண்டபம் கேம்பில் கிடந்து தலைமன்னாரில் வந்து இறங்கியவர். மகன் கப்பல் ஏறும்வரை எங்கள் குடும்பத்துக்கும் கடலுக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். ஆனால் அந்தப் புத்தகத்தில் நாக்ஸ்-ஜான்ஸ்டன் படகைப் பழுதுபார்க்கிற பக்கங்களை மட்டும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு எழுத்து விடாமல் படித்தேன்.

1968 ஜூன் 14இல் இங்கிலாந்தின் பால்மத்திலிருந்து தனியாகக் கிளம்பினார். எங்கும் கரை தொடாமல், யார் உதவியும் வாங்காமல் உலகத்தைச் சுற்றி வர வேண்டும் என்பது போட்டி. அவருடைய 'சுஹைலி' பம்பாயில் கட்டிய தேக்குப் படகு, 32 அடி. அட்லாண்டிக்கில் போகும்போதே அடிப்பலகை இடுக்கில் தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டது. மனுஷன் கடலில் குதித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, இடுக்கில் பஞ்சுத்திரியைத் திணிக்கிறார். நிற்கவில்லை. மேலே ஏறி, கித்தான் பட்டையில் பஞ்சை வைத்துத் தைத்து, தார் பூசி, செப்பு ஆணிகளோடு மறுபடியும் இறங்குகிறார். நடுவில் ஒரு சுறா வந்து சுற்றுகிறது. அதைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டுத் திரும்ப அதே தண்ணீருக்குள் போகிறார். கித்தானுக்கு மேல் செப்புத் தகட்டையும் அடித்து முடிக்கிறார். நானாக இருந்தால் சுறாவோடு அன்றைய வேலையை முடித்திருப்பேன்.

யாருமே பார்க்காத இடத்தில் எவ்வளவு சுத்தமான வேலை என்று முதலில் வியந்தேன். பிறகு யோசித்தால் அதில் பெரிய தர்மம் ஒன்றும் இல்லை என்று பட்டது. ஆணி சரியாக இறங்கவில்லையென்றால் மூழ்கப்போவது அடித்தவன்தான். கடல்தான் அங்கே இன்ஸ்பெக்டர். அதனிடம் பொய்க் கணக்கு எழுதிக்கொடுக்க முடியாது.

என் வேலை அப்படி இல்லை. நான் பூட்டுகிற போல்ட்டை நம்பி நிற்பவள் வேறொருத்தி.

ஒரு ராத்திரி ஷிப்டில், சல்லடைப் பக்கத்துப் பெல்ட்டை மறைக்கிற தகட்டின் போல்ட் முறிந்துவிட்டது. மணி இரண்டு. வேறு போல்ட் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பெல்ட்டை நிறுத்தினால் விடியும்வரை தூள் தேங்கும். கட்டுக்கம்பியால் தகட்டை இழுத்துக் கட்டிவிட்டு, ரிப்பேர் புத்தகத்தில் 'தகடு பூட்டியாச்சு' என்று எழுதினேன். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தவன், காலையில் தூக்கக் கலக்கத்தில் லயத்துக்குப் போய்விட்டேன். பத்து மணிக்குக் கம்பி அறுந்து, தகடு சாய்ந்து, ஒரு பிள்ளையின் சேலைத் தலைப்பு பெல்ட்டில் மாட்டியது. சேலை கிழிந்தது, பெல்ட் கப்பியை விட்டுக் கழன்றது, அவள் முழங்கை சிராய்ப்போடு தப்பினாள். 'முனிதான் என்னைக் காப்பாத்துச்சு' என்று அன்று சாயங்காலமே தேங்காய் உடைத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அதே போட்டியில் டொனால்ட் க்ரோஹர்ஸ்ட் என்று இன்னொருவர் இருந்தார். அவருடைய மூன்று உடல் படகிலும் ஒழுக்கு. தண்ணீரை இறைக்கும் குழாய்கூடக் கரையிலேயே விடுபட்டுவிட்டது. அப்படியே தெற்குக் கடலுக்குப் போனால் சாவு, திரும்பினால் கடன். அவர் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகத்தைச் சுற்றுவதாகப் பொய்க் கணக்கு அனுப்பினார். 1969 மார்ச்சில் அர்ஜென்டினாவில் ரகசியமாகக் கரையிறங்கி, பிளந்துபோன பலகையைச் சரிசெய்தார். நிஜமாகச் செய்த வேலையை ஒளித்து, செய்யாத பயணத்தை ஊருக்குச் சொல்ல வேண்டிய நிலைமை. ஜூலையில் ஆளில்லாத படகைத்தான் கண்டெடுத்தார்கள்.

பெரும்பாலும் அவர் கதையை இந்த இடத்தில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது நைஜல் டெட்லி. உலகத்தை ஏறக்குறையச் சுற்றி முடித்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர். க்ரோஹர்ஸ்ட் வேகமாகப் பின்னால் வருகிறார் என்று நம்பி, ஏற்கெனவே அடிபட்டிருந்த தன் படகை விரட்டினார். மே மாதம் அது உடைந்து மூழ்கியது. அவரைக் காப்பாற்றிவிட்டார்கள். நடுக்கடலில் ஒற்றை ஆள் எழுதிய பொய், எங்கேயோ இருந்த இன்னொருவரின் தகட்டைச் சாய்த்துவிட்டது. ஒன்பது பேரில் முடித்தவர் சுஹைலிக்காரர் மட்டும்தான், 312 நாளில். பரிசாகக் கிடைத்த 5,000 பவுணை அவர் க்ரோஹர்ஸ்ட் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

2018இல் அந்தப் போட்டியைத் திரும்ப நடத்தினார்கள். இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி, சுஹைலியின் மாதிரியில் கோவாவில் கட்டிய படகில் போனார். தெற்கு இந்துமாக்கடலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பும் உடைந்து, அசைய முடியாமல் மூன்று நாள் கிடந்தார். செப்டம்பர் 24இல் 'ஓசிரிஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் வந்து தூக்கியது. டோமியின் படகின் பெயர் 'துரியா'. விழிப்பு, கனவு, உறக்கம் மூன்றையும் ஒட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் நான்காம் நிலையை வேதாந்திகள் துரியம் என்பார்கள். கை ஓய்ந்து கிடப்பவனுக்கு அந்தச் சாட்சி பெரிய ஆறுதலாக இருக்கலாம். ஸ்பேனர் பிடித்தவனுக்கு அது போதாது. ஒட்டாமல் பார்க்கிற சாட்சி, என் கட்டுக்கம்பியையும் ஒட்டாமல்தான் பார்த்திருக்கும். ரோதைமுனி அப்படிப் பார்ப்பவர் இல்லை. அவர் கட்சி சேர்ந்து பார்ப்பவர், அதுவும் சேலை மாட்டுகிறவள் கட்சி. அப்பா சொன்ன கோபத்துக்கு அர்த்தம் இதுவாக இருக்குமோ என்று இப்போது யோசிக்கிறேன். பேரிங் போனதற்கு வருகிற கோபமாக அது இருக்காது.

அன்று பெல்ட்டில் தப்பியவளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அவள் பேரில் ஒரு தேங்காய் உடைகிறது. 'பிட்டரண்ணே, இந்தாங்க' என்று முதல் சில்லை எனக்குத்தான் நீட்டுவாள். வாங்கித் தின்றுகொண்டுதான் வருகிறேன். போன வருஷம் முனியின் கண் வெளுத்துவிட்டது என்று, பெயிண்டையும் பிரஷ்ஷையும் என் கையில் கொடுத்தார்கள். கை நடுங்குகிறது என்று சொல்லி, பக்கத்தில் நின்ற பையனிடம் கொடுத்துவிட்டேன்.