மண்ணின் தரம்

விளாத்திகுளத்திலிருந்து புறப்பட்டுத் தெற்கு நோக்கித் திருச்செந்தூர் வட்டாரம் வரை ஒரு பகற்பொழுதில் பயணம் செய்பவர், தூத்துக்குடி மாவட்டம் ஒன்றிலேயே நான்கு வகை மண்ணைக் காணலாம். வடக்கே, கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசல். கடலை ஒட்டி, வெள்ளை பூத்த உவர்நிலம். திருவைகுண்டத்தைச் சூழ்ந்து, தாமிரபரணி கொணர்ந்து படிவித்த வண்டல். அதனையும் கடந்தால், காற்றுக் குவித்த செம்மணல் மேடுகளாகிய தேரி.

இவற்றுள் நல்ல மண் எது என்று வினவினால், எவரும் தயங்காது வண்டலைச் சுட்டுவர். உவரைக் கடைசியில் வைப்பர். அத்தீர்ப்பை வழங்கியவர் யார், எதனை அளவுகோலாகக் கொண்டு வழங்கினார் என்பதை மட்டும் நாம் கேட்பதில்லை.

நம் கிராமங்களின் 'அ' பதிவேட்டைப் புரட்டுவோமாயின், புல எண்ணுக்கு நேரே 'மண் வயனமும் ரகமும்' என்றொரு பத்தியும், 'மண் தரம்' என்றொரு பத்தியும் இருக்கக் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் நடைபெற்ற நிலவரித் திட்டத்தின் எச்சம் அது. அன்றைய அதிகாரிகள் மண்ணைக் கரிசல், செவ்வல், மணல் என்றவாறு முதலில் பிரித்தனர். அவற்றையும் களி மிகுந்தது, மணல் மிகுந்தது, இரண்டும் கலந்தது என்று மீண்டும் பிரித்தனர். பின்னர் விளைச்சலை மதிப்பிட்டுத் தரம் குறித்துத் தீர்வை விதித்தனர்.

பிரித்தல் தவறென்று கூறிவிட முடியாது. வண்டலுக்கும் தேரிக்கும் ஒரே வரி விதிப்பது, சமத்துவம் போலத் தோன்றும் அநீதியாகும். கலீபா உமர் (ரலி) அவர்கள் இராக்கின் ஸவாது நிலத்தை அளந்து வரி விதிக்கும் பொறுப்பை உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி), ஹுதைஃபா (ரலி) ஆகிய இருவரிடமும் ஒப்படைத்தார்கள். கோதுமை விளையும் நிலத்திற்கு ஒரு வீதம். வாற்கோதுமை விளையும் நிலத்திற்கு அதனினும் குறைந்த வீதம். கி.பி. 644இல் தாம் குத்துண்டு வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன்னர், கலீபா அவர்கள் அவ்விருவரையும் நோக்கி, நிலம் தாங்கவியலாத சுமையை அதன்மீது ஏற்றிவிட்டீர்களோ என்று அச்சத்தோடு வினவிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. அளந்து முடித்த பின்னும் ஐயம் நீங்காத உள்ளம் அது! வகைப்படுத்துவோர்க்கு வேண்டிய முதல் அறம் அந்த ஐயமே எனலாம்.

பதிவேட்டில் அந்த ஐயத்திற்கு இடமில்லை. அது கேட்டது ஒரே கேள்வி: இம்மண் எவ்வளவு தீர்வை தரும்? ஒன்றும் தராது என்று கருதப்பட்டதற்குத் 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று பெயர். வேறு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். பயிருக்குப் பகையான உவர்நிலத்தில்தான் தூத்துக்குடியின் உப்பு விளைகின்றது. நெல்லை ஏற்காத தேரி, பனையை ஏற்றுக்கொள்கின்றது. அவ்வட்டாரப் பனையின் பதநீரே உடன்குடிக் கருப்பட்டியாகின்றது.

நாம் ஓதிய ஷாஃபிஈ சட்ட நூல்களிலும் மண்ணைப் பற்றிய ஆய்வு உண்டு. தண்ணீர் கிடைக்காதவன் தயம்மும் செய்வதற்கு ஏற்ற மண் எது என்பதே அங்கே எழும் கேள்வி. சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்னும் நிறவேறுபாடு அங்கே ஒரு பொருட்டன்று. தூய்மையும் கையில் ஒட்டும் புழுதியும் இருப்பின், புல் முளையாத உவர்மண்ணும் ஏற்றதே. உழவன் தள்ளிய மண்ணைக் கொண்டு, தொழுகையாளி தூய்மை பெறுகின்றான். மண் மாறவில்லை, கேள்வி மாறிற்று, தரமும் மாறிற்று.

மண்ணை வரிக்காகவன்றி மண்ணுக்காகவே அறிய முற்பட்டோரும் உளர். ருஷ்ய அறிஞர் தொக்குச்சாயெவ், தம் நாட்டுக் கரிமண்ணைப் பற்றி 1883இல் எழுதிய நூலின் வழியே, மண் வெறும் பாறைத்துகளன்று. தட்பவெப்பம், உயிரினங்கள், தாய்ப்பாறை, நிலத்தின் ஏற்ற இறக்கம், காலம் ஆகிய ஐந்தும் கூடி உருவாக்கிய தனிப்பொருள் என்னும் கருத்துக்கு வித்திட்டார். அவர்வழி வந்த மண்ணாய்வாளர் மேற்பரப்போடு அமையாது, ஆழக் குழி வெட்டி, அடுக்கடுக்காக நிறத்தை நோக்குகின்றனர். ஈரமண்ணை விரல்களிடையே தேய்த்துக் களியா மணலா என்று உணர்கின்றனர். அதன் பின்னரே வரைபடத்தில் கோடு இழுக்கின்றனர். அந்தக் கோடு பெரும்பாலும் நிலத்தில் இருப்பதில்லை. செவ்வல், பல வயல்களைக் கடந்து மெல்ல மெல்லவே கரிசலாகின்றது. ஆகவே, ஒரே வண்ணம் தீட்டிய பகுதிக்குள் வேறு மண்களும் சிறிதளவு கலந்துள்ளன என்பதை, நேர்மையான மண் வரைபடம் தன் விளக்கக் குறிப்பிலேயே ஒப்புக்கொள்கின்றது.

இந்த ஒப்புதல் இல்லாதபோது விளைவது என்ன? இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பு 2000ஆம் ஆண்டில் முதன்முறையாக வெளிவந்தது. உவர்நிலமும் கடலோர மணலும் முட்புதர் நிலமும் அதன் வகைகளுள் அடங்கும். சீர்திருத்தும் நோக்கத்தோடு செய்யப்பட்ட பணிதான். ஆயினும், 'தரிசு' என்ற சொல் எழுதப்பட்ட இடத்தில் மேயும் ஆடும், சுள்ளி பொறுக்கும் மூதாட்டியும், குளத்தை நாடி ஓடும் மழைநீரும் நம் கண்ணுக்குப் புலப்படாமற் போய்விடுகின்றன. ஒன்றுமில்லாத இடத்தில் எதனைச் செய்தாலும் எவர்க்கும் இழப்பில்லை என்ற துணிவு பிறக்கின்றது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாம் கொணர்ந்த நேர்வழியையும் அறிவையும் மழைக்கு உவமித்து, அது பெய்த நிலத்தை மூவகையாகப் பகுத்தார்கள். முதல் நிலம் நீரை உறிஞ்சிப் பசும்புல்லைத் தந்தது. இரண்டாவது இறுகிய நிலம். உறிஞ்சவில்லை, ஆனால் நீரைத் தேக்கிற்று. மக்கள் பருகினர், பயிருக்கும் பாய்ச்சினர். மூன்றாவது நிலமோ தேக்கவுமில்லை, விளைவிக்கவுமில்லை. பதிவேடு எழுதுவோன் பின்னிரண்டையும் ஒரே பத்தியில் சேர்த்திருப்பான்; இரண்டிலும் விளைச்சல் இல்லையன்றோ! நம் குளங்களின் களித்தரையும் அந்த இரண்டாவது நிலமே. மூன்றாவது வகை உலகில் இல்லையென்று நாம் வாதிடவில்லை. ஒன்றை அவ்வகையில் சேர்க்குமுன், அது எவர்க்கேனும் நீர் தேக்குகின்றதா என்று பார்த்தாக வேண்டும்.

இதனை நாம் பிறர்க்கு மட்டும் கூறவில்லை. முப்பது ஆண்டுகளாக மதரஸாவில் ஓதிக்கொடுத்து வருகின்றோம். தொடக்க ஆண்டுகளில் நம்மிடம் ஒரு மாணவர் இருந்தார். அவருக்கு நஹ்வு இலக்கணம் பிடிபடவில்லை. பெரிய கிதாபுகள் எட்டவில்லை. நம் குறிப்பேட்டில் 'தேறமாட்டார்' என்று எழுதி, இரண்டாம் ஆண்டிலேயே ஊருக்கு அனுப்பிவைத்தோம். பல ஆண்டுகள் கழித்து, அவ்வூர் வழியே செல்ல நேர்ந்தது. அஸர் தொழுகைக்குப் பின், தம் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளை அமர்த்தி, நம்மிடம் கற்ற எழுத்துகளையும் சிறு சூராக்களையும் உச்சரிப்பில் ஒரு பிழையின்றி அவர் ஓதிக்கொடுப்பதைக் கண்டோம். நம்மைக் கண்டதும் பதறியெழுந்து சலாம் கூறி, "உஸ்தாத், உட்காருங்கள்" என்று தம் இடத்தை நமக்கு அளித்தார். நமக்கு அமர மனம் வரவில்லை. நாம் மழையைப் பொழிந்துவிட்டு, விளையுமா என்று மட்டுமே பார்த்திருந்தோம். அவரிடம் தேங்கிய நீரை ஓர் ஊரே பருகிக்கொண்டிருந்தது.

வகைப்படுத்தாமல் நீதி செய்ய இயலாது. நிலமாயினும் மாணவராயினும் அவ்வாறே. ஆனால், எழுதும் ஒவ்வொரு தரத்திற்கும் அருகே, 'எதற்கு' என்ற கேள்வியையும் சேர்த்தெழுதும் கடமை நமக்குண்டு. அந்தக் குறிப்பேடு இன்றும் நம் அலமாரியில் இருக்கின்றது. அவ்வரியை நாம் அடித்துவிடவில்லை. எழுதியவரின் தரத்துக்குச் சான்றாக அது அங்கேயே இருக்கட்டும்.