தேர்வறையில் ஒரு மிட்டாய்

தேர்வறைக்குள் தின்பண்டம் கொண்டுபோகக் கூடாது என்பது எல்லா மாணவருக்கும் தெரிந்த விதி. 2017-இல் சி.பி.எஸ்.இ. வாரியம் அந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தியது. டைப் 1 சர்க்கரை நோய் உள்ள மாணவர்கள் பொதுத்தேர்வின்போது சர்க்கரை மாத்திரை, மிட்டாய், வாழைப்பழம், தண்ணீர் பாட்டில் போன்றவற்றை உடன் வைத்துக்கொள்ளலாம் என்றது. சின்னப் பட்டியல்தான். ஆனாலும் அது பழைய கேள்வி ஒன்றைக் கிளப்பிவிடுகிறது. எல்லோருக்கும் ஒரே விதி என்பதுதானே நியாயம்? ஒரு பிள்ளைக்கு மட்டும் அதை வளைக்கலாமா?

இந்த நோய் இனிப்புத் தின்றதால் வருவதல்ல. உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. பிறகு வாழ்நாள் முழுக்க ஊசியோ பம்ப்போதான். 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயது லியோனார்ட் தாம்ப்சனுக்கு இன்சுலின் போடும்வரை, இந்தக் குழந்தைகளுக்கு மருத்துவர்களிடம் இருந்ததெல்லாம் பட்டினிச் சிகிச்சை ஒன்றே. அன்று பள்ளியில் மருந்து என்ற பிரச்சினையே எழவில்லை. பிள்ளை பள்ளிக்குப் போகும் அளவுக்குப் பிழைத்திருப்பதே அரிது. இந்தியாவில் 20 வயதுக்கு உட்பட்ட 2 லட்சம் பேருக்கு மேல் இந்த நோயோடு வாழ்வதாக, 2021-இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு கணக்கிட்டது.

அவர்களுடைய பள்ளி நாள் வேறு மாதிரியானது. மதியச் சாப்பாட்டுக்கு முன் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும், கணக்குப் பார்த்து ஊசி போட வேண்டும். பி.டி. பீரியடில் ஓடியாடினால் சர்க்கரை இறங்கும். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், காரணமில்லாமல் கோபம் வரும். உடனே 15 கிராம் அளவுக்குச் சர்க்கரை உள்ளே போக வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். தாமதித்தால் வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். ‘பெல் அடிக்கட்டும், அப்புறம் சாப்பிடு’ என்று சொல்லும் ஆசிரியர் கெட்டவர் அல்ல. விதியைக் காப்பாற்றுகிறார், அவ்வளவுதான்.

அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலின் ஐந்தாம் பகுதியில் இந்த இடத்தைத்தான் தொடுகிறார். சட்டம் பொதுவாகப் பேசும். வாழ்க்கையோ தனித்தனியாக வரும். சட்டம் எழுதியவர் முன்கூட்டிக் காணாத ஒன்று நேரும்போது, அவர் இங்கிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அதைச் செய்வதே நியாயம் என்கிறார். லெஸ்போஸ் தீவின் கட்டடக்காரர்கள் வைத்திருந்த ஈய அளவுகோலை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார். கல்லின் வடிவத்துக்கு ஏற்ப அது வளையும், வளைந்தாலும் அளவுகோல்தான்.

பௌத்தத் துறவிகளுக்கான விதித்தொகுப்பான விநயம் இன்னும் நுணுக்கமானது. பிக்குகள் நண்பகலுக்குப் பின் உண்ணக் கூடாது. ஆனால் சரத்காலத்தில் நோயுற்றுப் பல பிக்குகள் மெலிந்துபோனபோது, புத்தர் நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகிய ஐந்தையும் மருந்தாக அனுமதித்தார். முதலில் உரிய நேரத்தில் மட்டும், அது போதாது என்று தெரிந்ததும் எந்த நேரத்திலும். ஊட்டம் தருவதுதான், ஆனாலும் உலகம் மருந்தென்று ஏற்றுக்கொண்டது என்பது அங்கே சொல்லப்படும் காரணம். மிட்டாய் தின்பண்டமா, மருந்தா என்று தேர்வறை மேற்பார்வையாளர் இன்று திகைப்பது இதே புள்ளியில்தான். விடை மிட்டாயில் இல்லை, அதை வாயில் போடும் உடம்பில் இருக்கிறது. நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பிலிருந்து விலக்குத் தரும் குர்ஆன், விட்ட நாட்களைப் பின்னர் நோற்கச் சொல்கிறது. விலக்குப் பெற்றவர் விதிக்கு வெளியே தள்ளப்படுவதில்லை.

மறுதரப்பிலும் உண்மை இருக்கிறது. ஒரு வகுப்பில் நாற்பது, ஐம்பது பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியர், ‘நான் நர்ஸ் இல்லை, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?’ என்று கேட்பது நியாயமான பயம். அந்தப் பயத்தை அலட்சியப்படுத்தினால், மதியம் தோறும் வேலையை விட்டுவிட்டு ஊசி போடப் பள்ளிக்கு ஓடிவரும் அம்மாவின் தலையில்தான் எல்லாம் விடியும். இங்கிலாந்தின் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த முடிச்சை நன்றாக அவிழ்த்தது. நோயுள்ள மாணவருக்கு ஏற்பாடு செய்வது பள்ளி நிர்வாகத்தின் கடமை. அந்தச் சட்டத்துக்கான அரசு வழிகாட்டுதலின்படி, எந்தத் தனி ஆசிரியரையும் மருந்து கொடுக்கக் கட்டாயப்படுத்த முடியாது. நம் நாட்டில் 2023-இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், இந்தப் பிள்ளைகள் வகுப்பில் சர்க்கரை பார்க்கவும், ஊசி போட்டுக்கொள்ளவும், இடையில் ஏதாவது சாப்பிடவும் அனுமதிக்கும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. அனுமதி கிடைத்தால் பாதி வழி வந்தாயிற்று. மீதி, கடமையை யாராவது ஏற்பதில் இருக்கிறது. வயிற்றுப்போக்கில் கிடந்த பிக்கு ஒருவரை யாரும் கவனிக்காததைக் கண்ட புத்தர், தம் சீடர் ஆனந்தரோடு சேர்ந்து தாமே அவரைக் குளிப்பாட்டினார். தாய் தந்தை அருகில் இல்லாத இடத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள் என்று பிறகு மற்றவர்களைக் கேட்டார். பள்ளிக்கூடமும் காலையிலிருந்து மாலைவரை தாய் தந்தை இல்லாத இடம்தானே.

கடினமான கேள்வி இதற்குப் பிறகுதான் வருகிறது: யார் பேச்சை நம்புவது? ‘மிஸ், ஒரு மாதிரியா இருக்கு’ என்று சொல்லும் பிள்ளை பாடத்திலிருந்து நழுவப் பார்க்கிறதோ என்ற சந்தேகம் எழலாம். யோம் கிப்பூர் நோன்பைப் பற்றிய யூத மரபு இதை இரண்டாகப் பிரிக்கிறது. தனக்கு உணவு வேண்டும் என்று நோயாளி சொன்னால், வேண்டாம் என்று மருத்துவரே சொன்னாலும் நோயாளியைத்தான் கேட்க வேண்டும். தன் வேதனை தனக்குத்தானே தெரியும். வேண்டாம் என்று நோயாளி சொல்லி, வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் மருத்துவர் பேச்சே நிற்கும். நோய் தந்த மயக்கம் அப்படிப் பேச வைக்கலாம் என்று யூத மரபு நூலான தல்மூத் காரணமும் சொல்கிறது.

சர்க்கரை இறங்கிய பிள்ளைக்கு இது அப்படியே பொருந்துகிறது. மூளைக்குக் குளுக்கோஸ் போதாதபோது பிள்ளை முரண்டு பிடிக்கலாம், ‘ஒண்ணும் இல்ல, விடுங்க’ என்று சிடுசிடுக்கலாம். நண்பர்கள் முன்னால் தான் மட்டும் வேறு ஆள் ஆகிவிடக் கூடாது என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும். கேட்டால் உடனே கொடுக்க வேண்டும். மறுத்தால் மீட்டரில் பார்க்க வேண்டும், பார்க்க வழியில்லை என்றால் லோ சுகர் என்றே வைத்துக்கொண்டு சர்க்கரை கொடுக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் வகுப்பாசிரியர், பி.டி. மாஸ்டர், வேன் ஓட்டுநர், ஒரு நாள் மட்டும் வகுப்பெடுக்க வரும் மாற்று ஆசிரியர் என எல்லோரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பக்கத் தாளில் அறிகுறி, அளவு, வீட்டு எண் மூன்றையும் எழுதி, வருகைப் பதிவேட்டின் உள் அட்டையில் ஒட்டிவிடலாம்.