காய்ந்ததும் இறுகியதும்

கார் மெழுகு டின் ஒன்று நாலைந்து வருஷம் கிடந்தால் எப்படி ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். கோடைக் குளத்துச் சேறு மாதிரி நடுவில் வெடித்து, ஓரத்தை விட்டு விலகி, குலுக்கினால் கடகடவென்று ஆடும் ஒரு வட்டு. விரலால் அழுத்தினால் பொடிதான் வரும். செர்டாங்கில் காடி நிற்கும் வீடுகள் பலவற்றில் இப்படி ஒரு டின்னைப் பார்க்கலாம். தீபாவளிக்கு முந்திய வாரமும் ஆயுத பூஜையன்றும் மட்டும் ஞாபகத்துக்கு வரும் டின் அது. திறந்து பார்ப்போம், "இது முடிஞ்சிருச்சு" என்போம், குப்பைத் தொட்டியில் போடுவோம்.

எனக்கு அந்த 'முடிஞ்சிருச்சு'வில்தான் சந்தேகம். ஒரு பொருள் முடிந்துவிட்டது என்று சொல்ல நம்மிடம் என்ன ஆதாரம் இருக்க வேண்டும்? அதே சொல்லை மனிதர்களைப் பற்றியும் சொல்கிறோமே, அங்கே?

முதலில் டின்னுக்குள் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம். பழைய வகைக் குழைவு மெழுகில் முக்கியமாக இரண்டு பகுதிகள். ஒன்று மெழுகு. அதில் பேர்போனது கார்னாபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு விசிறிப் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. (செர்டாங் என்பதும் மலாயில் ஒரு விசிறிப் பனையின் பெயர்தான். நம் தாத்தா பாட்டிகளைக் கெடாவுக்கு இழுத்துவந்த ரப்பரும் பிரேசில் மரம்தான். 1876இல் ஹென்றி விக்ஹம் அதன் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மறு வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன.) அந்தப் பனை தன் ஓலையில் மெழுகைச் சுரப்பது, வறண்ட காலத்தில் ஈரம் போகாமல் இருக்க. ஓலையை வெட்டி வெயிலில் காயவைத்தால் மெழுகு உதிரும். காய்தலைத் தடுக்க உண்டான பொருள், காய்தலால்தான் நம் கைக்கு வருகிறது.

ஆனால் கார்னாபா மிகக் கெட்டியானது. 80 பாகைக்கு மேல் போனால்தான் உருகும். அதை அப்படியே காடியில் தேய்க்க முடியாது. அதற்குத்தான் இரண்டாவது பகுதி, கரைப்பான். பெரும்பாலும் வொயிட் ஸ்பிரிட் போன்ற பெட்ரோலிய வகை. அது மெழுகை இளக்கி, துணியில் எடுக்கவும் பானட்டில் பரப்பவும் வழி செய்கிறது. பரப்பிய சில நிமிடத்தில் அது ஆவியாகிப் போய்விடும். மிஞ்சும் மெல்லிய படலத்தைத்தான் நாம் தேய்த்துப் பளபளப்பாக்குகிறோம். கரைப்பானுக்குக் காடியின் மேல் நிரந்தர இடம் கிடையாது. மெழுகைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை.

அப்படியென்றால் டின்னுக்குள் நடந்ததும் பானட்டின் மேல் நடக்க வேண்டியதும் ஒரே காரியம்தான். இரண்டு இடத்திலும் கரைப்பான் பறந்து மெழுகு மிஞ்சுகிறது. பானட்டில் நடந்தால் அதற்குப் பெயர் பளபளப்பு, டின்னில் நடந்தால் குப்பை. காய்வதில் தப்பில்லை. போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேராமல் காய்ந்ததுதான் தப்பு. டின்னில் இருக்கும் வட்டிடம் மெழுகு முழுசாக இருக்கிறது. இல்லாதது, போய்ச் சேரும் வழி மட்டும்.

அந்த வழியைத் திரும்பக் கொடுக்கலாம். வட்டை உடைத்து அதே டின்னில் போட்டு, சுடுதண்ணீர் உள்ள பாத்திரத்தில் டின்னை உட்காரவைத்து இளக்க வேண்டும். பிறகு அடுப்பு, சிகரெட் எதுவும் இல்லாத வெளியிடத்தில் வைத்து, வொயிட் ஸ்பிரிட்டை ஒரு தேக்கரண்டி, கலக்கி, தேவைப்பட்டால் இன்னொரு தேக்கரண்டி. அதன் ஆவி 40 பாகை அளவிலேயே தீப்பற்றக்கூடியது என்பதால் நேரடி நெருப்பில் வைக்கவே கூடாது. பெயிண்ட் கடைத் தின்னரும் வேண்டாம், அது காடியின் பெயிண்ட்டையே பதம் பார்த்துவிடும். ஆறியதும் மெழுகு மறுபடி குழைவாக நிற்கும்.

எல்லா டின்னும் இப்படி மீளாது. இந்த இடம்தான் எனக்கு முக்கியம். சில செயற்கைப் பூச்சுகள் காயும்போது அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அங்கே நடப்பது வெறும் ஆவியாதல் இல்லை, வேதி மாற்றம். எத்தனை கரண்டி ஊற்றினாலும் அவை திரும்பாது. தோட்டத்துக்காரர்களுக்கு இதைப் பாடம் எடுக்கத் தேவையில்லை. மங்கில் விழுந்த பாலில் அம்மோனியா விட்டால் பாலாகவே நிற்கும். விடாமல் விட்டால், அல்லது பார்மிக் அமிலம் சேர்த்தால், கட்டிப்பால். கட்டிப்பாலை மறுபடி பாலாக்கி மங்கில் ஊற்றியவர் யாரும் இல்லை. அதற்கும் மேலே, சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்த முறையில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிவிட்டால் ரப்பர் டயராகிவிடும். டயரை அரைக்கலாம், எரிக்கலாம். பழையபடி பச்சை ரப்பராக்குவது இன்றைக்கும் பெரும்பாடு.

ஆக, வெளிப் பார்வைக்குக் கெட்டியாக இருப்பவற்றில் இரண்டு வகை. ஒன்று காய்ந்தது, மற்றது இறுகியது. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும். சோதனையும் பெரிய காரியமில்லை. துணியில் ஒரு சொட்டு வொயிட் ஸ்பிரிட் நனைத்து, ஓரத்தில் ஒரு நிமிஷம் தேய்த்தால் போதும். இளகினால் காய்ந்தது. இளகாவிட்டால் இறுகியது.

இந்த ஒரு நிமிஷத்தைத்தான் நாம் யாருக்கும் கொடுப்பதில்லை.

என் அப்பா தோட்டத்தில் பிறந்தவர். அவர் வயதுக்காரர்கள் பலரைப் போலக் கூலிம் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போனார். இயந்திரப் பராமரிப்பு. சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். ஒரு கட்டத்தில் பழைய இயந்திரங்களை எடுத்துவிட்டுத் தொடுதிரை வைத்த புதியவற்றைக் கொண்டுவந்தார்கள். பயிற்சிக்கு இளையவர்களின் பெயர் மட்டும் போனது. அப்பாவுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் விருப்ப விலகல் கடிதம் வந்தது. மலேசியாவில் 2013 ஜூலை முதல் தனியார் துறையின் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அப்பாவுக்கு அப்போது 56. விருப்பம் என்று கடிதத்தில் இருந்தால் சட்டத்துக்கு வேலையில்லை. "இவங்களுக்கெல்லாம் இனிமே புதுசு ஏறாது" என்று மேலே யாரோ சொன்னதாக அப்பாவுக்குக் காதில் விழுந்தது. கடிதத்தைவிட அந்த வாக்கியம்தான் அவரை உட்காரவைத்தது.

அவருக்குப் புதுசு ஏறுமா என்று யாரும் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்க்கவில்லை. இன்றைக்கு அவர் கைப்பேசியில் காணொளி பார்த்து, எழுத்துக்கூட்டி ஆங்கிலக் கையேடு படித்து, அக்கம்பக்கத்தின் சலவை இயந்திரத்திலிருந்து புல் வெட்டும் மெஷின் வரை பழுது பார்க்கிறார். முப்பது வருஷத்து அறிவு அப்படியே இருந்தது. புது இயந்திரத்தோடு அதைச் சேர்த்துவைக்க மூன்று மாதப் பயிற்சி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இதற்கு எதிராக ஒரு நல்ல கேள்வி உண்டு. ஒரு பொறியாளராக நானே கேட்பேன்: கணக்கு கட்டுமா? வொயிட் ஸ்பிரிட் புட்டியின் விலைக்குக் கொஞ்சம் சேர்த்தால் புது டின்னே வந்துவிடும். அரை மணி நேரம் வேறு போகிறது. மெழுகு விஷயத்தில் இந்தக் கணக்கு நியாயமானது. புதுசு வாங்குபவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'வாங்குவது சுலபம்' என்பது ஒரு வாக்கியம், 'இது முடிஞ்சிருச்சு' என்பது வேறு வாக்கியம். முதலாவது நம் வசதியைப் பற்றியது. இரண்டாவது பொருளைப் பற்றியது. நம் வசதியைச் சொல்ல வெட்கப்பட்டு, பொருளின் மேல் பழியைப் போடுகிறோம். அந்தத் தொழிற்சாலை 'பயிற்சிக்குச் செலவழிக்க மனசில்லை' என்று சொல்லியிருந்தால், அது உண்மையாவது ஆகியிருக்கும்.

சோதனை என்றாலே நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. 2009இல் தேசிய வாகனக் கொள்கையை மறுபரிசீலனை செய்தபோது, 15 வருஷத்துக்கு மேற்பட்ட கார்கள் சாலை வரி புதுப்பிக்கக் கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதைக் கைவிட்டது. பாதுகாப்பில்லாத கார் சாலையில் ஓடக்கூடாது என்பது சரிதான். ஆனாலும் பழைய புரோட்டோன் சாகாவில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏன் பயம் வந்தது? தங்கள் காடியைப் பிழைக்கவைக்க அல்ல, ஒழித்துக்கட்டத்தான் இந்தச் சோதனை என்று பட்டதால். டின்னின் ஓரத்தில் தேய்த்துப் பார்ப்பவர் மீட்க நினைத்துத் தேய்க்கிறாரா, எறியக் காரணம் தேடுகிறாரா என்பதைப் பொறுத்து அதே சோதனை வேறொன்றாகிவிடுகிறது.

சரி, தேய்த்துப் பார்த்தும் இளகவில்லை என்றால்? பௌத்த வினய பிடகத்தில் ஒரு கதை வருகிறது. உதேன மன்னனின் மனைவியர் ஆனந்தருக்கு 500 ஆடைகளைக் கொடுத்துவிட்டார்கள். இத்தனையை வைத்து என்ன செய்வீர் என்று மன்னன் கேட்கிறான். கிழிந்த ஆடை உடுத்திய துறவிகளுக்குக் கொடுப்பேன் என்கிறார் ஆனந்தர். பழையதை? விரிப்பாக்குவோம். பழைய விரிப்பை? மெத்தை உறையாக்குவோம். இப்படியே தரைவிரிப்பு, கால் துடைக்கும் துணி, தூசி தட்டும் துணி என்று இறங்கி, கடைசியில் நைந்ததைக் கிழித்துச் சேற்றில் பிசைந்து தரை மெழுகுவோம் என்கிறார். அங்கே எதுவும் மறுபடி ஆடையாகவில்லை. ஆனாலும் எதுவும் 'முடிஞ்சது' என்ற பெயரோடு வெளியே போகவில்லை.

அழகான கதை. ஆனால் மனிதர்கள் விஷயத்தில் என்னால் இதோடு நிற்க முடியவில்லை. பயன் தீர்ந்தபின்னும் வேறொரு பயன் இருக்கிறது என்பதுதான் அதன் சமாதானம். துணிக்கு அது போதும். என் பாட்டிக்கு? பால்வெட்டு வேலை பார்த்த கை இப்போது முழுசாக விரியாது. புதிதாக எதுவும் கற்றுக்கொள்ளப்போவதில்லை. தூசி தட்டும் துணி அளவுக்குக்கூட அவரால் யாருக்கும் 'உபயோகம்' இல்லை. காலையில் வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அவரிடம் நனைத்த துணியோடு போய் யாரும் சோதிக்கத் தேவையில்லை. இளகினாலும் இளகாவிட்டாலும் அந்த நாற்காலி அவருடையது.

அப்பாவுக்காக நான் பேசும்போதும் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறேன். 'அவருக்குப் புதுசு ஏறும்' என்பது உண்மை. ஆனால் ஏறாமல் போயிருந்தாலும், முப்பது வருஷம் அங்கே நின்றவரை ஒரு வாக்கியத்தில் துடைத்துவிடும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. வேலைக்கு ஒருவரைப் பொருத்தமில்லை என்று சொல்லச் சோதனை வேண்டும். மரியாதைக்கு எந்தச் சோதனையும் கிடையாது.

இன்னொன்று. மெழுகு தானாகக் காய்வதில்லை. டின்னை எடுத்தவர் மூடியைச் சரியாக அழுத்தாமல், வெயிலில் நிற்கும் காடியின் பூட்டுக்குள் போட்டுவிட்டுப் போனதால் காய்கிறது. வருஷங்கள் கழித்துத் திறந்து பார்த்து, மெழுகுதான் கெட்டுப்போச்சு என்கிறோம். யாராவது ஒருவரைக் காட்டி "அவரு முடிஞ்சிட்டாரு" என்று சொல்லும்போது, நான் இப்போதெல்லாம் அவரைப் பற்றிக் கேட்பதில்லை. மூடி யார் கையில் இருந்தது என்றுதான் கேட்கிறேன்.