பக்கத்தில்தானே இருக்கிறது

சீர்காழியிலிருந்து பெரியப்பா போன் செய்தார். அடுத்த வாரம் வியாழக்கிழமை புரசைவாக்கத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். முதல் நாளே வந்துவிடுவாராம். "கல்யாணம் கிடக்கட்டும் தம்பி. எங்க திருவெண்காட்டு அர்த்தநாரி எழும்பூர் மியூசியத்துல இருக்காருல்ல, அவரை ஒரு தரம் பார்த்துடணும். எத்தன படி ஏறணும்? உக்கார எடம் இருக்குமா? எத்தன மணி வரைக்கும் தொறந்திருக்கும்?"

மூன்று கேள்விகள். ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. இருபத்தாறு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு தடவையாவது பாந்தியன் சாலையைக் கடக்கிறேன். அந்தச் சிவப்புக் கட்டடங்கள் கண்ணில் படும்போதெல்லாம் தோன்றுவது ஒன்றுதான்: பக்கத்தில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம். எந்தக் காலண்டரிலும் 'எப்போது வேண்டுமானாலும்' என்று ஒரு கட்டம் கிடையாது.

நாலு வருடம் முன்பு ஆபீஸ் வேலையாகப் பாரிஸ் போனபோது லூவருக்கு நான் போட்ட திட்டத்தை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. அங்கே செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பது இரண்டு மாதம் முன்னாலேயே எனக்கு மனப்பாடம். மோனா லிசா வெறும் 77க்கு 53 சென்டிமீட்டர்தான், கூட்டத்தில் தெரியாது. அதற்கு எதிர்ச்சுவரில் வெரோனேசே வரைந்த கல்யாண விருந்து ஏறக்குறைய 10 மீட்டர் அகலம், திரும்பி நின்று அதையும் பார்த்துவிட வேண்டும் என்றெல்லாம் தாளில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதோ பெரியப்பா கேட்ட பிறகுதான் தெரிய வந்தது. கோயிலில் வெள்ளிக்கிழமை என்றால் சாமிக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. இங்கே வந்து சேர்ந்தவர்களுக்காவது அன்றைக்கு ஓய்வு.

1851இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் தொடங்கி, பிறகு எழும்பூருக்கு வந்த மியூசியம் இது. அந்தக் காலத்து ஜனங்கள் இதற்கு வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. வெளியூர்க்காரர்கள் இரண்டையும் பார்க்காமல் ரயில் ஏற மாட்டார்களாம். நானும் வெளியூர்க்காரனாக இருந்தபோதுதான் உள்ளே போயிருக்கிறேன், ஆறாம் வகுப்புச் சுற்றுலாவில். திமிங்கல எலும்புக்கூடும் புளியோதரைப் பொட்டலமும் நினைவிருக்கின்றன.

பிரெஞ்சுச் சிற்பி ரோடினை நினைத்தால்தான் இன்னும் சங்கடம். இங்குள்ள நடராசர் சிலைகளின் புகைப்படங்கள் அவர் கைக்குக் கிடைத்தன. திருவாலங்காட்டு நடராசர் அதில் உண்டு. அந்தப் படங்களை வைத்துக்கொண்டே அங்கம் அங்கமாகப் பார்த்து அவர் எழுதிய கட்டுரை, 1917இல் அவர் இறந்த பிறகு, 1921இல் அச்சேறியது. சென்னையை அவர் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு வாசலுக்கே பஸ் இருக்கிறது.

நேற்று அரை நாள் லீவு போட்டு வேவு பார்க்கப் போனேன். அமராவதிக் கற்களிடம் தலையைக் காட்டிவிட்டு நேரே வெண்கலச் சிலைக் கூடம்.

அர்த்தநாரிக்கு மூன்று கைகள். வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. முதலில் கணக்கு இடித்தது. சிவனுக்கு நான்கில் பாதி, அம்மைக்கு இரண்டில் பாதி என்று புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஆடை வலக்காலில் தொடையோடு நிற்கிறது, இடக்காலில் கீழே வரைக்கும் இறங்குகிறது. இடுப்பு ஒரு பக்கம் மட்டும் ஒசிகிறது. இரண்டு உடம்பும் சேர்கிற தையல் எங்கே என்று மேலிருந்து கீழாகத் தேடினேன், அகப்படவில்லை. கோயிலில் இருந்திருந்தால் பட்டும் மாலையும் போக முகம் மட்டும்தான் தெரிந்திருக்கும். ஒரு கற்பூரம் காட்டுகிற நேரம்தான் நிற்கவும் விட்டிருப்பார்கள்.

இந்த மாதிரிச் சிலைக்கு முதலில் மெழுகில் உருவம் பிடித்து, வண்டல் மண் பூசி, சூட்டில் மெழுகை வழியவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், அச்சு மிஞ்சாது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற பேச்சு ஸ்தபதியின் தொழிலில் எடுபடாது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அந்த ஒரே வார்ப்பின் முன்னால், இருபத்தாறு வருடமாகத் தள்ளிப்போட்டவன் நின்றுகொண்டிருந்தேன்.

ராத்திரி பெரியப்பாவுக்குப் போன் செய்து மூன்று கைக் கணக்கைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. திருவெண்காட்டில் மண்ணைத் தோண்டச் செப்புத் திருமேனிகள் கிடைத்த காலத்தில் அவர் சிறுபையன். புதைந்து கிடைத்தது சர்க்காருக்கு என்பது 1878ஆம் வருடத்துச் சட்டம். அப்படித்தான் ரிஷபவாகனர் தஞ்சாவூருக்கும் அர்த்தநாரி சென்னைக்கும் போனார்கள்.

"எங்கப்பா வாடா போயி பார்த்துட்டு வரலாம்னு கூப்புட்டாரு. நான் கோலி ஆடிட்டு இருந்தேன். நம்ம ஊர்லதான இருக்கு, நாளைக்குப் பார்த்துக்கலாம்னுட்டேன். அதுக்குள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்க."

எண்பது வயதுக்காரருக்கு நான் என்ன சொல்வது? கல்யாண அலைச்சல் முடிந்து, வெள்ளிக்கிழமை விடுமுறையும் கழிந்து, சனிக்கிழமை நிதானமாகப் போகலாம், காலை ஒன்பதரைக்குத் திறக்கிறார்கள் என்று என் திட்டத்தைச் சொன்னேன்.

"சனிக்கிழமையெல்லாம் வேணாம். ராத்திரி வண்டி ஏறி, புதன்கிழம விடியக்காலைல எழும்பூர்லதான எறங்குறேன்? ஒரு காபியக் குடிச்சிட்டு நேரா அங்கயே போயிடலாம். குளியல் கிளியல் எல்லாம் அப்புறம்."

ரயில் பையை உள்ளே விடுவார்களா என்று கேட்க வேண்டும். படிகளையும் எண்ணாமலே வந்துவிட்டேன்.