பழனியாண்டவர் பேர்

ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் உட்காரும்போதெல்லாம் ஓர் இடத்தில் என் நாக்கு நின்றுவிடும். மூன்று தலைமுறைப் பேரையும் சொல்லி முடித்த பிறகு, "வேற யாருக்காவது உண்டா?" என்று ஐயர் கேட்பார். உண்டு. அப்பத்தாவின் அப்பா. ஆனால் பேர் தெரியாது. வீட்டில் அவரை "பஸ்ராவுக்குப் போனவர்" என்போம்.

முதல் உலகப் போரில் பட்டாளத்தில் சேர்ந்து மெசபடோமியாவுக்குக் கப்பலேறியவர். குண்டடி பட்டு இறந்தார் என்பது மட்டும் வந்து சேர்ந்தது. அப்பத்தா அப்போது கைக்குழந்தை. ஊரார் அவரைப் "பெரியவன்" என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள். சரியான பேர் தெரிந்தவர் அவர் மனைவி ஒருவர்தான். அந்தக் காலத்து மனுஷி, புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டார். கேட்டால், "பழனியில நிக்கிறாரே, அவர் பேருதான்" என்பாராம். முருகனா, வேலுவா, ஆறுமுகமா, தண்டபாணியா?

வீட்டில் மரியாதையால் மறைந்த பேர் பஸ்ராவில் வேறு விதமாக மறைந்தது. அங்கே 1929-இல் திறந்த நினைவுச் சின்னம், கல்லறை தெரியாத 40,000-க்கும் மேற்பட்டோருக்கானது. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கல்லில் பேர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பேர். மற்றவர்கள் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், பிரான்ஸில் நவ் ஷாப்பெல் சின்னத்தில் 4,700-க்கும் அதிகமான இந்தியர்களின் பேரை வெட்டிவைத்திருந்தார்கள். ஆக, முடியாமல் விட்டதில்லை. 2021-இல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இந்தப் பாரபட்சத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

பேர் சொல்லாமல் இறைக்கிற எள்ளும் தண்ணீரும் அவருக்குப் போய்ச் சேருமா? வெகுநாள் என்னை அரித்த கேள்வி இது. தர்ப்பணத்தின் கடைசியில் தாய், தகப்பன், உறவு என்று யாருமே இல்லாதவர்களுக்கும் ஒரு கை தண்ணீர் விடுகிறோம். மகாளய பட்சத்தில் ஆயுதத்தால் இறந்தவர்களுக்கென்றே சதுர்த்தசி இருக்கிறது. பேர் தெரியாத தாகத்தையும் நம் முன்னோர் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதனால் சேரும் என்றே நம்புகிறேன்.

ஆனால் கல் வேறு. எனக்குத் தெரியாது, அதனால் பேர் சொல்லவில்லை. பட்டாளத்தார் பேர் எழுதித்தானே ஆளைச் சேர்த்தார்கள்? தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-இல் ஒரு நடுகல் கிடைத்தது. ஆநிரை கவரும் சண்டையில் பட்ட அந்தவன் என்பவனுக்கு எடுத்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தக் கல்லில் அவன் பேர் இருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்தது. செத்தவனுக்குச் சாமி தண்ணீர் கொடுத்துவிடும். பேரைக் காப்பது இருக்கிறவர்கள் கடன். அதில் தவறியது பாவம் என்றே சொல்வேன்.

உங்கள் வீட்டிலும் பஸ்ராவுக்கோ பர்மாவுக்கோ போய்த் திரும்பாதவர் இருந்தால், மூத்தவர்களிடம் இன்றைக்கே பேரைக் கேட்டு எழுதி வையுங்கள். அந்தப் பேர் தெரிந்த ஒரே ஆளான எங்கள் கொள்ளுப்பாட்டி 1958-இல் இறந்தபோது எனக்கு நான்கு வயது.