முழங்கை போகும் வழி

தேர்ச்சி என்பது ஒரே அசைவைப் பிசகின்றித் திரும்பத் திரும்பச் செய்யும் ஆற்றல் என்பது பொதுவான நம்பிக்கை. 1920களில் மாஸ்கோவில் எடுக்கப்பட்ட சில ஒளிப்படங்கள் அந்த நம்பிக்கையை இன்றளவும் உறுத்திக்கொண்டிருக்கின்றன. அலெக்ஸேய் காஸ்தெவ் என்னும் கவிஞர் அங்கே நிறுவிய மத்திய உழைப்பு நிறுவனத்தில், நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் என்ற இளம் மருத்துவர், உளியின் தலையில் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளியின் கை மூட்டுகளிலும் சுத்தியலிலும் சிறு விளக்குகளைப் பொருத்தி, அவற்றின் ஒளித்தடங்களைப் படமாகப் பதிவு செய்தார். கைதேர்ந்தவரின் சுத்தியல் முனை அடிதோறும் ஏறக்குறைய ஒரே தடத்தில் வந்து இறங்க, அதை இயக்கிய முழங்கையோ ஒவ்வொரு முறையும் சற்றே வேறு வழியில் போயிருந்தது.

இந்தச் சிறு விலகலைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. மூட்டுகள் ஒவ்வொன்றும் தன் போக்கில் பிசகியிருந்தால், அப்பிசகுகள் எல்லாம் ஒன்றுசேரும் இடமான சுத்தியல் முனையில்தான் தடுமாற்றம் மிகுந்திருக்க வேண்டும். அங்கேதான் அது மிகக் குறைவு. தோள் சற்று விலகினால் முழங்கையும் மணிக்கட்டும் அதை ஈடுசெய்துவிடுகின்றன. தோளிலிருந்து மணிக்கட்டு வரை கை 7 வகையில் அசையக்கூடியது. இவ்வகைகளை இயற்பியல் சுதந்திர இயக்கக் கூறுகள் என்கிறது. ஓர் இலக்கை அடைய இத்தனை தேவையில்லை என்பதால், மிகுதியாக உள்ளவற்றை உடல் எவ்வாறு ஆள்கிறது என்பதே பெர்ன்ஸ்டைன் விட்டுச்சென்ற கேள்வி. புதிதாகப் பழகுபவர் மூட்டுகளை இறுக்கிக்கொள்வதும், பழகப் பழக அந்த இறுக்கம் தளர்வதும் அவர் தந்த விளக்கத்தின் ஒரு பகுதி. அதே நிறுவனத்தில், எந்திரத்தால் இயங்கும் சுத்தியலைப் பிடித்து அதன் மாறாத தாளத்தைக் கையில் ஏற்றிக்கொள்ளும் பயிற்சியும் நடந்தது என்பதை நினைத்தால், முழங்கையின் விலகல், எந்திரம்போல் மாறாத அசைவு என்ற காஸ்தெவின் கனவுக்கே எதிர்வாதமாகத் தோன்றுகிறது.

ஆனால் அந்த விலகலை ஆளும் திறன் எங்கே குடியிருக்கிறது? பிறந்த குழந்தையை நிமிர்த்திப் பிடித்தால் அது கால்களை மாற்றி மாற்றி எடுத்துவைக்கும். சில வாரங்களில் அந்த அசைவு மறைந்துவிடும். மூளை வளர்ந்து அதை அடக்கிவிடுகிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. எஸ்தர் தெலனும் உடனாய்வாளர்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளின் கால்களை நீரில் அமிழ்த்தியபோது அடியெடுப்பு கூடியது. கால்களில் சிறு எடையைக் கட்டியபோது குறைந்தது. கொழுப்பேறிய கால்களின் கனமே அசைவை மறைத்திருந்தது எனில், திறன் மூளையில் மட்டும் இல்லை. சதையிலும் எடையிலும் சுற்றியுள்ள நீரிலும் பரவிக் கிடக்கிறது. சுவாங்சியின் பெயரால் வழங்கும் சீன நூலில் வரும் முதிய சக்கரத் தச்சரும், உளி வேகத்தின் பக்குவம் கைக்குத் தெரிகிறது, மகனுக்குச் சொல்லித்தர வரவில்லை என்று 70 வயதிலும் தாமே சக்கரம் செதுக்கிக்கொண்டிருக்கிறார்.

விலகலையே தேர்ச்சியின் அடையாளமாகக் கொண்டாடிவிடவும் முடிவதில்லை. முதுமையில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையிலான கால அளவு மிகுதியாக மாறுபடுவது, கீழே விழும் ஆபத்தின் அறிகுறியாகக் கருதப்படுகிறது. தொழிலாளியின் முழங்கையில் திறமையாக இருந்த மாறுபாடு, முதியவரின் நடையில் தளர்ச்சியாகிறது. விலகல் இலக்கைக் காக்கிறதா, குலைக்கிறதா என்பதைக் கொண்டு இரண்டையும் பிரிக்கலாம் என்பது நல்ல விடைதான்.

பக்கவாதத்தால் முழங்கையை நீட்ட இயலாத ஒருவர், உடலையே முன்னால் சாய்த்துக் குவளையை எட்டிப் பிடிக்கும்போது அந்த விடையும் ஆட்டம் காண்கிறது. ஒரு மூட்டின் குறையை மற்றொன்று ஈடுசெய்வதால் அது தொழிலாளியின் திறமைக்கு உறவாகிறது. முழங்கை மீண்டும் நீளப் பழகும் வாய்ப்பை அதுவே தடுக்கவும் கூடும் என்பதால், உடலைச் சாயவிடாமல் கட்டிவைத்துப் பயிற்றும் முறையும் இயன்முறை மருத்துவத்தில் உண்டு. இலக்கு இன்றைய குவளையா, நாளைய முழங்கையா என்பதை எந்த ஒளித்தடமும் காட்டித்தராது. அதை முடிவுசெய்ய வேண்டியவர் பயிற்றுநரா நோயாளியா என்பதும் தீராத கேள்வியாகவே நிற்கிறது.